யாரு எண்ணிப் பாக்குறாங்க?

ஐயா வணக்கம்,

நான் ரோஸ் ஹில்ல எச்எஸ்சி பசங்களுக்கு பயாலஜி டியூஷன் எடுக்குறேன். புரோட்டீன் மடிப்பு பத்தி நீங்க எழுதினதுல, மத்த புரோட்டீன்கள் ஒழுங்கா மடிய உதவுற சாப்பரோன் புரோட்டீன்கள் பலதும் தனியா இருக்காது, கூட்டமா சேந்துதான் இருக்கும்னு ஒரே ஒரு வரி போட்டுட்டு அப்படியே போயிட்டீங்க. தேடிப் பாத்தேன். கண் லென்ஸ்ல இருக்கிற ஆல்ஃபா-பி கிரிஸ்டலின்னு ஒரு சாப்பரோன், ஒரு எடத்துல 24 சேந்த உருண்டைனு படம் போட்டிருக்கு, இன்னொரு எடத்துல 10லேர்ந்து 40 வரைக்கும் எதுவா வேணா இருக்கலாம்னு இருக்கு. பசங்க கேட்டா எத சொல்றது? எத்தனை சேரணும்னு யாரு எண்ணிப் பாக்குறாங்க?

இன்னொண்ணு. என் மாமியாருக்கு ரெண்டு கண்ணுலயும் புரை, சுகர் வேற. மோக்கா கண் ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க, அவங்களுக்கு பயம். தெரிஞ்சவர் ஒருத்தர், நெட்டுல ஒரு சொட்டு மருந்து கெடைக்குது, போட்டா இந்த கிரிஸ்டலின் சரியாகி புரை கரைஞ்சிடும்ங்கிறாரு. நம்பலாமா?

ஒரு டியூஷன் டீச்சர், ரோஸ் ஹில்

*

டீச்சர் வணக்கம்,

நீங்க பாத்த ரெண்டுமே சரிதான். யாரும் எண்ணல. எண்ணாம இருக்கிறதுலதான் அதோட வேலையே ஓடுது.

ஒத்தை ஆல்ஃபா-பி கிரிஸ்டலின்ன எடுத்துக்கோங்க, 175 அமினோ ஆசிட், எடை 20 கிலோடால்டன், புரோட்டீன்கள்ல சின்ன ஆளு. நடுவுல 90 சொச்சம் அமினோ ஆசிட்ல கெட்டியா மடிஞ்ச ஒரு பகுதி, ரெண்டு பக்கமும் ஆடிக்கிட்டே இருக்கிற முனைங்க. இதோட நடுப்பகுதி ஓரமும் இன்னொண்ணோட நடுப்பகுதி ஓரமும் ஒட்டிக்கிட்டு மொதல்ல ஜோடி ஆயிடும், இந்தப் பிடி ஓரளவு உறுதி. அதுக்கப்புறம் பின்பக்க வாலு. அதுல 159, 160, 161வது எடத்துல ஐசோலூசின், புரோலின், ஐசோலூசின்னு வரிசையா மூணு இருக்கும், அது பக்கத்து ஜோடியோட நடுப்பகுதியில இருக்கிற ஒரு பள்ளத்துல போய் சொருகிக்கும், கொஞ்ச நேரத்துல கழண்டுக்கும், மறுபடி அங்கயோ வேற எங்கயோ சொருகும். இப்படி மூணு ஜோடி வட்டமா கோத்துக்கிட்டா ஆறு, அந்த மாதிரி நாலு ஆறு சேந்தா 24, நடுவுல வெத்தா இருக்கிற ஒரு உருண்டை. பாடப்படத்துல பாக்க லட்சணமா இருக்கிறது இதுதான்.

ஆனா வாலு இப்படி கழண்டு மாட்டிக்கிட்டே இருக்கிறப்ப 24லயே நிக்கணும்னு என்ன கட்டாயம்? ஒரு ஜோடி வந்து ஒட்டிக்கும், ஒண்ணு பிரிஞ்சு போயிடும். 2003ல மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல ஒவ்வொரு கூட்டத்தையும் உடையாம எடை போட்டுப் பாத்தாங்க, 24லேர்ந்து 33 வரைக்கும் எல்லா எண்ணிக்கையும் கலந்து கெடந்துச்சு. முழு புரோட்டீனையும் படிகமாக்கி எக்ஸ்ரேல பாக்க முடியாம வருஷக்கணக்கா திண்டாடினதும் இதனாலதான், படிகம்னா எல்லாம் ஒரே அச்சா இருக்கணும்ல, இங்க ஒண்ணு மாதிரி இன்னொண்ணு கெடையாது, கடைசியில ரெண்டு முனையையும் வெட்டிட்டு நடுப்பகுதிய மட்டும் படிகமாக்கித்தான் பாத்தாங்க. தைப்பூசக் காவடியில பின்னால பாடிக்கிட்டு வர்ற கோஷ்டிய நெனச்சுக்கோங்க, ஒருத்தர் தண்ணி குடிக்க நகருவாரு, ரெண்டு பேர் புதுசா வந்து சேருவாங்க, கோயில் வாசல்ல போய் எண்ணினா கெளம்பின எண்ணிக்கை இருக்காது, பாட்டு மட்டும் நிக்காது.

இந்த ஆள் மாத்துற வேகம் சூட்டைப் பொறுத்தது. இதோட கூடப்பிறந்ததுனு சொல்லலாம், ஆல்ஃபா-ஏ கிரிஸ்டலின், அத வச்சு 1997ல அளந்தாங்க, 37 டிகிரியில ஜரூரா மாத்திக்கிட்டே இருந்தது 4 டிகிரியில கிட்டத்தட்ட நின்னே போச்சு. செல்லும் சும்மா வேடிக்கை பாக்காது, நெருக்கடி வந்தா முன்பக்க முனையில 19, 45, 59வது எடத்துல இருக்கிற செரின்ங்கிற அமினோ ஆசிட்ல பாஸ்பேட்ட ஒட்டி விடும், கூட்டம் சின்னச் சின்னதா உடையும். இதே குடும்பத்துல இருக்கிற எச்எஸ்பி27லயும் இதே கதைதான், அங்க 15, 78, 82.

பசங்களுக்கு சொல்றப்ப பக்கத்துலயே இதுக்கு நேர் எதிரா ஒண்ணையும் காட்டுங்க, அப்பதான் மனசுல நிக்கும். டிரிக்னு ஒரு சாப்பரோன், நம்ம செல்லுல ஆக்டின், டியூபுலின் எல்லாம் ஒழுங்கா மடியிறதுக்கு அது வேணும். எட்டு வேற வேற ஜீன்லேர்ந்து எட்டு வேற வேற புரோட்டீன், ஒரு வளையத்துக்கு எட்டு, ரெண்டு வளையம், மொத்தம் 16, யாரு பக்கத்துல யாருங்கிற வரிசை கூட மாறாது. அது செல்லோட எரிபொருளான ஏடிபிய செலவு பண்ணி கதவை மூடித் தெறந்து உள்ள வச்சு மடிக்கிற மெஷின், அதனால அளவு பிசகக் கூடாது. ஆல்ஃபா-பிக்கு ஏடிபி வேணாம், கதவும் கெடையாது. குலைஞ்சு போன புரோட்டீன் எந்த ரூபத்துல வந்தாலும் மத்ததோட ஒட்டிக் கட்டியாகாம பிடிச்சு வச்சுக்கணும், அவ்வளவுதான், திரும்ப மடிச்சு விடுறத எச்எஸ்பி70 மாதிரி வேற சாப்பரோன்கள் பாத்துக்கும். கண்ட ரூபத்துல வர்றதப் பிடிக்கிறவனுக்கு ஒரே அச்சு ஒத்து வராது. 24 உருண்டை படத்த மட்டும் போட்டுட்டு கீழ ஒரு வரி கூட எழுதாம விடுற புத்தகங்கள் மேல எனக்குக் கோவம் வர்றது இதனாலதான்.

தளர்வா இருக்குன்னா எப்படி வேணா இருக்கலாம்னு அர்த்தம் இல்ல. அந்த ஜோடி ஒட்டுற ஓரத்துல 120வது எடத்துல ஆர்ஜினின், பாசிட்டிவ் சார்ஜ். எதிராளியோட 109வது எடத்துல ஆஸ்பார்டிக் ஆசிட், நெகட்டிவ். ரெண்டும் இழுத்துப் பிடிச்சிருக்கும். 1998ல ஒரு பிரெஞ்சு குடும்பத்துல கண்டுபிடிச்சாங்க, அந்த ஆர்ஜினின் இருக்க வேண்டிய எடத்துல கிளைசின், சார்ஜே இல்லாத சின்னது. ஒரே ஒரு எழுத்து மாறினதுக்கு தசை நோய், இதயக் கோளாறு, அதோட கண்புரையும். கூட்டம் அளவில்லாம பெருத்து, பாதுகாக்க வேண்டியதே மத்ததோட சேந்து கட்டியாகுது.

இப்ப மாமியார் விஷயம். லென்ஸோட நடுவுல இருக்கிற செல்களுக்கு நியூக்ளியஸ் கெடையாது, புரோட்டீன் செய்யிற ரைபோசோம் கெடையாது, வெளிச்சம் தடையில்லாம போகணும்னு எல்லாத்தையும் கழிச்சுடுது. அதனால அங்க புது கிரிஸ்டலின் செய்யவே முடியாது, நாம பொறக்குறதுக்கு முன்னாடி செஞ்சதுதான் கடைசி வரைக்கும். குலைஞ்ச புரோட்டீன்களப் பிடிச்சுப் பிடிச்சே கையிருப்பு கொறையுது, 40 வயசத் தாண்டினா லென்ஸ் நடுவுல கரைஞ்ச நெலையில இருக்கிற ஆல்ஃபா கிரிஸ்டலின் ரொம்ப சொற்பம். சுகர் இருந்தா இது இன்னும் சீக்கிரம் நடக்கும், நம்ம மொரீஷியஸ்ல பெரியவங்கள்ல கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தருக்கு சுகர், அப்புறம் கண் ஆஸ்பத்திரியில கூட்டம் இல்லாம எப்படி இருக்கும்.

அந்த சொட்டு மருந்து பேச்சு சும்மா கெளம்பினதில்ல. 2015ல லானோஸ்டெரால்னு ஒண்ணு நாய்ங்களுக்கு புரையக் கொறைச்சதா ஒரு பேப்பர் வந்துச்சு, அதே வருஷம் வேற ஒரு குழு ஆல்ஃபா-பியோட ஜோடி ஓரத்துல போய் ஒட்டி அத நெலைப்படுத்துற இன்னொரு பொருள எலியில காட்டினாங்க. எனக்கும் அப்ப ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா 2019ல இந்த வகைப் பொருள்கள புரை வந்த எலி லென்ஸ்லயும், மனுஷ லென்ஸ் புரோட்டீன்லயும் போட்டுப் பாத்தாங்க, லென்ஸ் தெளியல, புரோட்டீனும் கரையல. முத்தின கட்டிங்கிறது வாலு கழண்டு மாட்டுற சமாச்சாரம் இல்ல டீச்சர், அது எறுகிப் போனது. நெட்டுல விக்கிற பாட்டில்ல என்ன இருக்குன்னும் யாருக்குத் தெரியும், அந்தக் காசுக்கு அவங்களுக்கு மீன் வாங்கிக் குடுங்க.

ஆபரேஷனுக்குப் போகச் சொல்லுங்க. பெரும்பாலும் கண்ண மட்டும் மரத்துப் போக வச்சு, மங்கின லென்ஸ எடுத்துட்டு செயற்கை லென்ஸ் வைப்பாங்க, முழிச்சுக்கிட்டேதான் இருப்பாங்க. அதுக்கு முன்னாடி சுகர் கட்டுப்பாட்டுல இருக்கணும். இன்னொண்ணையும் மறக்காம கேட்டுக்கோங்க: புரை மறைச்சுக்கிட்டு இருக்கிறப்ப பின்னாடி ரெட்டினாவ டாக்டரால சரியா பாக்க முடியாது, சுகர்காரங்களுக்கு அங்கதான் பெரிய ஆபத்தே, அதனால ஆபரேஷன் முடிஞ்ச கையோட ரெட்டினா செக்கப் எப்பன்னு தேதி வாங்கிட்டு வாங்க.