தலையில்லாக் குதிரைவீரன்: கேட்டவர்களுக்குப் பதில்

டிம் பேர்ட்டனின் ‘ஸ்லீப்பி ஹொலோ’ (1999) பற்றி வந்த கேள்விகள் இவை. முடிவையும் சொல்லப்போகிறேன், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

மல்லாவி: உண்மைக் கதையா அண்ணை?

இல்லை. வாஷிங்டன் இர்விங் 1820இல் வெளியிட்ட சிறுகதை. நியூயோர்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றோரத்து ஊர் உண்மை, அமெரிக்கச் சுதந்திரப் போருக்குப் பிரித்தானியா காசு கொடுத்து இறக்கிய ஹெஸ்ஸியன் (ஜேர்மன்) கூலிப்படையும் உண்மை. பேயாக வருகிற குதிரைவீரன் அந்தப் படையில் ஒருவன்.

மாங்குளம்: படம் முழுக்க மங்கல். ரிவி பழுதா?

பழுதில்லை. ஒளிப்பதிவாளர் லுபெஸ்கி வேண்டுமென்றே நிறத்தை வற்றவிட்டிருக்கிறார், அப்போதுதான் இரத்தம் எடுபடும். பெரும்பகுதி இங்கிலாந்தில் செட் போட்டு எடுத்தது, கலை இயக்கத்துக்கு ஒஸ்காரும் கிடைத்தது. தயவுசெய்து பட்டப்பகலில் போனில் பார்க்காதீர்கள்.

புதுக்குடியிருப்பு: பேய் நிசம் என்று காட்டிவிட்டால் துப்பறிய என்ன மிச்சம்? ஏமாற்று வேலை.

தம்பி, பேய் இங்கே கொலைகாரன் இல்லை, ஆயுதம். அவனுடைய மண்டையோடு யார் கையில் இருக்கிறதோ அவர் காட்டுகிற ஆளைத்தான் குதிரைவீரன் வெட்டுகிறான். அப்போ கேள்வி, ஏவியது யார்? செத்தவர்களைப் பாருங்கள்: பணக்கார வான் காரெட், அவர் மகன், அவர் இரகசியமாகக் கட்டி வயிற்றில் பிள்ளையோடு இருந்த விதவை. எல்லாம் ஒரு மரணசாசனத்தில் போய் முட்டுகிறது. காணி உறுதியோடு கோட்டுக்கு அலைகிற நாங்கள் இதைப் பிடிக்காமல் விட்டால் வேறு யார் பிடிப்பது? 1799இல் நியூயோர்க்கிலிருந்து கருவிப்பெட்டியோடு வருகிற கொன்ஸ்டபிள் இக்கபோட், பேயைக் கண்டு மயங்கி விழுந்தாலும், கடைசியில் கடதாசியையும் சொத்தையும் பின்தொடர்ந்துதான் விடைக்கு வருகிறான்.

பரந்தன்: பிள்ளைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். தலைகள் உருளும்.

முள்ளியவளை: எங்கட முனியும் இதுவும் ஒன்றா?

முனியைப் பற்றி ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது படம்.

தருமபுரம்: உண்மைக் கதையா?

மல்லாவிக்குச் சொன்னதை வாசியுங்கள்.

வவுனியா: புதுக்குடியிருப்புத் தம்பி சொன்னது சரி. இர்விங் சந்தேகமாக விட்டதைப் படம் கெடுத்துவிட்டது. இக்கபோட்டின் காதல் போட்டியாளன் புரொம்தானே பேய்வேடம் போட்டவன்?

படத்திலும் புரொம் எரியும் பூசணிக்காயோடு துரத்துகிறானே! பிறகு உண்மையான குதிரைவீரன் வந்து அவனையே இரண்டாக வெட்டிவிடுகிறான். குறை சொல்வதென்றால், குதிரைவீரனை ஏவிய லேடி வான் டாசல் கடைசியில் நின்று சதி முழுவதையும் வாயால் ஒப்பிக்கிறாரே, அதைச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

பூநகரி: டவுன்லோட் லிங்க்? அப்படியே, உண்மைக் கதையா?

லிங்க் தரமாட்டேன். போனில் பார்க்கத்தானே கேட்கிறீர்கள்? மற்றதற்கு மேலே பாருங்கள், கண்ணிருந்தால்.

வவுனியா: சந்தேகம்தான் கதையின் உயிர். நான் விடமாட்டேன்.

சரி, அப்போ கதையைத் திரும்ப எடுங்கள். இக்கபோட் காணாமற்போன இடத்தில் உடைந்த பூசணிக்காய் கிடக்கிறது, பிற்காலத்தில் அந்தப் பேச்சு வந்தாலே புரொம் வாய்விட்டுச் சிரிப்பான் என்று இர்விங்கே எழுதுகிறார். முக்கால்வாசி விடை அங்கேயே வந்துவிட்டது. அதை வாசித்தவனும் வந்து இருக்கிற படத்தில் புரொம்மையே குற்றவாளியாக்கினால் யார் அண்ணை கடைசிவரை இருந்து பார்ப்பது?