கிருஷ்ணகிரிக்கு மேலே உள்ள வானம்

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணத்துக்கு அருகே ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். 2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் 3ஐ அட்லஸ் என்ற வால்நட்சத்திரத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றிய காணொளிகளை எங்கள் பிள்ளைகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். அது வேற்றுலகத்தார் அனுப்பிய கலமா, பூமியின்மேல் மோதுமா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். செப்டம்பரில் வந்த சந்திர கிரகணத்தைப் பார்த்து எழுதி வரச் சொன்னேன். மூன்று பேர்தான் எழுதி வந்தார்கள். ஒரு மாணவியைப் பாட்டி வாசற்படியைத் தாண்ட விடவில்லையாம். பள்ளியின் முன்னாள் மாணவர்கள் தொலைநோக்கி வாங்க 20,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எதை வாங்கலாம் என்று நீங்கள் சொல்ல வேண்டும். சந்திரயான், சுபான்ஷு சுக்லா என்று வகுப்பில் நான் எவ்வளவு ஆர்வமாகச் சொன்னாலும், எங்களைப் போன்ற பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு விண்வெளி எட்டாத தூரத்தில்தான் இருக்கிறது என்ற ஏக்கம் எனக்கு உண்டு. என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று எங்கள் ஊர் முச்சந்தியில் உள்ள உயர்கோபுர மின்விளக்கில் பழைய விளக்குகளைக் கழற்றிவிட்டு, அவற்றைவிடப் பிரகாசமானவற்றைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். சில மாதங்களாகவே எனக்கும் அந்தக் கம்பத்துக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வேற்றுலகக் கலத்தை முதலில் அனுப்பிவைத்துவிடுவோம். 2025 ஜூலை 1 அன்று சிலி நாட்டில் உள்ள அட்லஸ் தொலைநோக்கியில் சிக்கிய அந்த வால்நட்சத்திரம், சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்ததாக நாம் அறிந்த மூன்றாவது பொருள். 2017இல் ஔமுவாமுவாவும் 2019இல் போரிசோவும் அதற்கு முன்னால் வந்து போயின. டிசம்பர் 19 அன்று அது நமக்கு மிக அருகில் வந்தபோதும் தொலைவு ஏறத்தாழ 27 கோடி கிலோமீட்டர். சூரியனுக்கும் நமக்கும் இடையே உள்ள தூரத்தைப்போல் ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல். இனி அது திரும்பி வரப்போவதில்லை. இதற்குமேல் அதற்காக ஒரு பாடவேளையைச் செலவழிக்காதீர்கள்.

ஆனால் பயந்த பிள்ளைகளைக் கேலி செய்யவும் வேண்டாம். 1979 ஜூலையில் அமெரிக்காவின் 77 டன் எடையுள்ள ஸ்கைலாப் விண்வெளி நிலையம் விழப்போகிறது என்று வானொலி சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. பென்னாகரத்தை ஒட்டிய எங்கள் சிற்றூரில், எப்படியும் சாகப்போகிறோம், கோழி மட்டும் எதற்கு மிச்சம் என்று வீட்டுக்கு வீடு அறுத்துத் தின்றார்கள். எங்கள் பாட்டியும் கூடையைக் கவிழ்த்துக் கறுப்புக் கோழியைப் பிடித்துவிட்டாள். தாத்தாதான் திண்ணையிலிருந்து, “விழறது என் தலையில விழட்டும், முட்டை வெக்கிற கோழி மேல கைய வெக்காத” என்றார். ஜூலை 11 அன்று அது எரிந்து சிதறி, துண்டுகள் இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியிலும் விழுந்தன. அடுத்த பல மாதங்களுக்குப் பக்கத்து வீட்டார் எங்களிடம்தான் முட்டை வாங்கினார்கள்.

இப்போது உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டும். ‘எட்டாத தூரம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எதிலிருந்து எட்டாத தூரம்? ஆலங்காயத்துக்கு அருகே ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகம் இருப்பது உங்களுக்குப் பக்கத்து மாவட்டத்தில். அங்கேயுள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கி வழியாகத்தான் 1972இல் வியாழனின் துணைக்கோளான கானிமீடைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் இருப்பதற்கான அடையாளத்தைக் கண்டார்கள். 1977இல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது உலகுக்குத் தெரியவந்த இரவிலும் அது விழித்திருந்தது. 1986இல் அங்கே நிறுவிய 2.3 மீட்டர் தொலைநோக்கி அந்த வானாய்வகத்தை அமைத்த வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சந்திரயானின் தரையிறங்கு கலத்தைச் சோதிப்பதற்கு, நிலவின் மண்ணை ஒத்த மண் வேண்டும் என்று இஸ்ரோ தேடியபோது, அது கிடைத்த இடங்கள் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியும் குன்னமலையும். அங்கிருந்து டன் கணக்கில் பெங்களூருக்குப் போன அந்தப் பாறைத்தூள், பெரும்பாலும் தொப்பூர்க் கணவாய் ஏறி, தருமபுரியையும் உங்கள் கிருஷ்ணகிரியையும் கடந்துதான் போயிருக்க வேண்டும்.

பாப்பு ஏன் காவலூரைத் தேர்ந்தெடுத்தார் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறீர்களா? நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் தென்வானமும் அங்கிருந்து தெரியும் என்பது ஒரு முக்கியமான காரணம். கிருஷ்ணகிரியும் காவலூரும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 12½ பாகையில் இருக்கின்றன. லண்டனில் பிறந்த குழந்தை தன் ஊரிலிருந்து தென்சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டத்தைப் பார்க்க முடியாது. சிட்னியில் பிறந்த குழந்தைக்குத் துருவ நட்சத்திரம் கிடையாது. உங்கள் எட்டாம் வகுப்பு மாணவி ஒரே கொல்லையில் நின்று இரண்டையும் பார்க்கலாம். வடக்கே நீட்டிய கையின் விரல்களை மடக்கினால் அந்த முட்டியின் அகலம் பத்து பாகை. அடிவானத்திலிருந்து அந்த உயரத்துக்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம் மங்கலாக நிற்கும். தெற்கே பிப்ரவரி மாத முன்னிரவில் பளிச்சென்று தெரிவது அகத்திய நட்சத்திரம். தென்சிலுவைக்கு ஏப்ரல், மே வரை பொறுத்திருங்கள். ஏப்ரல் நான்காம் வாரத்தில் ஒரு நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பள்ளிக் கொடிக்கம்பத்தின் நிழல் அதன் காலடியிலேயே அடங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெல்லியில் உள்ள பிள்ளைகளுக்கு அது ஆண்டு முழுவதும் நடக்காது. இதைப் பின்தங்கிய மாவட்டம் என்று எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

2023 ஆகஸ்ட் 23 அன்று மாலை 6:04 மணிக்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது நான் பாலக்கோட்டில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். தொலைக்காட்சிக்கு முன்னால் ஐம்பது பேராவது இருந்திருப்பார்கள். திரையில் பச்சைக் கோடு கீழே இறங்கி வந்து நின்றதும் கைதட்டல், விசில், கடைக்காரர் அனைவருக்கும் இலவச டீ என்று அறிவித்தார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, மறுக்கவில்லை. கூட்டத்தின் நெரிசல் தாங்காமல் சாலைக்கு வந்து நிமிர்ந்து பார்த்தால், தெற்கே பாதி வானத்தின் உயரத்தில், மேகத் துணுக்குகளுக்கு நடுவே, பகல் வெளிச்சத்தில் வெளிறிப்போய்ப் பாதி நிலா நின்றுகொண்டிருந்தது. எந்த இடத்தில் இறங்கியதாகச் சொன்னார்களோ அந்த இடம் தலைக்கு மேலேயே இருந்தது! உள்ளே திரும்பி, “வெளியே வந்து பாருங்கள், நிலா தெரிகிறது” என்றேன். ஒரு பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் திரைக்குத் திரும்பினார். டம்ளர் கழுவிக்கொண்டிருந்த பையன் மட்டும் ஈரக் கையோடு வந்து, கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “இதுலதானா சார்?” என்றான்.

அந்தக் கேள்வியில் இருந்த வியப்பைத்தான் நீங்கள் வகுப்பில் தேடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சுக்லா 2025 ஜூன் இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த நாட்களில், அந்த நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தது. நம் தலைக்கு மேலேயும் கடந்து போயிருக்கிறது. அவர் சொந்த ஊர் லக்னோ என்பது உங்கள் மாணவர்களுக்கு மனப்பாடம். அந்த நிலையம் அந்தியிலோ விடியற்காலையிலோ வேகமாக நகரும் நட்சத்திரம் போல வெறுங்கண்ணுக்கே தெரியும் என்பதைச் சொல்லி, அவர்களில் ஒருவரையாவது வாசலுக்கு அனுப்பினீர்களா? செய்தியை மதிப்பெண்ணுக்கு மாற்றிக்கொள்ளப் பழகிவிட்டோம். இன்று நிலா எத்தனை மணிக்கு எழும் என்று கேட்டால் ஆசிரியர்களே கைபேசியை எடுக்கிறார்கள்.

எங்கள் தாத்தாவிடம் கைக்கடிகாரம்கூடக் கிடையாது. மார்கழியில் கேழ்வரகு முற்றும் காலத்தில், காட்டுப்பன்றிக்கும் எப்போதாவது வரும் யானைக்கும் காவலாகக் கொல்லையில் மூங்கில் பரண் கட்டியிருப்பார். விடுமுறையில் நானும் உடன் படுத்துக்கொள்வேன். கையில் ஒரு தகர டப்பாவும் கோலும். நடு இரவுக்குப் பிறகு சித்தப்பாவின் முறை. “அந்த மூணும் உச்சிக்கு வந்தா உங்க சித்தப்பனை எழுப்பு” என்று, வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களைத் தாத்தா காட்டிவிடுவார். ஓரையன் என்ற பெயரை நான் கல்லூரியில்தான் கேள்விப்பட்டேன். ஒரு நாள் குளிர் தாங்காமல், அவை உச்சிக்கு வருவதற்கு முன்பே சித்தப்பாவை உலுக்கி எழுப்பினேன். அவர் எழுந்திருக்கவில்லை. கம்பளியைக் கண் வரைக்கும் விலக்கி, மேலே ஒரு பார்வை பார்த்து, “இன்னும் ஒரு சாண் இருக்குது” என்று சொல்லிவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார்.

நம் முன்னோர்கள் எல்லாவற்றையும் அறிந்திருந்தார்கள் என்ற மேடைப் பேச்சுக்குத் தயவுசெய்து இதைப் பயன்படுத்தாதீர்கள். கிரகணத்தன்று தாத்தாவும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்தான் உட்கார்ந்திருந்தார். இரவில் வெளியே படுப்பவர்களாக அவர்கள் இருந்தார்கள், மேலே பார்ப்பதற்கு இருட்டும் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த இருட்டைப் பற்றித்தான் எனக்கும் அந்தக் கம்பத்துக்கும் வழக்கு. 2025 செப்டம்பர் 7 அன்று முழுச் சந்திர கிரகணம் இரவு 11:01 முதல் 12:23 வரை, 82 நிமிடங்கள் நீடிக்கும் என்று தெரிந்ததும், அந்த நேரம் மட்டும் விளக்கை அணைக்க முடியுமா என்று உரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “விளக்கு எரியலைன்னுதான் சார் இங்க மனு வரும்” என்றார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை, சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். அன்று இரவு மேகம் விட்டு விட்டுத்தான் வழி கொடுத்தது. நானும் தெருப்பிள்ளைகள் ஆறேழு பேரும் ஊரை விட்டுக் கால் மைல் தள்ளி ஒரு புளியமரத்தடியில் நின்றோம். நிலவு செம்பு நிறத்தில் மங்கிக் கிடந்தது. பௌர்ணமி இரவு அமாவாசை இரவாக மாறி, மறைந்திருந்த நட்சத்திரங்கள் எல்லாம் வெளிவர வேண்டிய நேரம் அது. ஆனால் எங்கள் நிழல் மண்ணில் கறுப்பாகவே விழுந்துகொண்டிருந்தது. நிலவில்லாத நேரத்தில் நிழல் எப்படி வருகிறது என்று ஒரு சிறுமி கேட்டாள். எல்லோரும் திரும்பிக் கம்பத்தைப் பார்த்தோம்.

பாம்புக்கும் இருட்டுக்கும் பயந்து நடக்கும் பெண்களுக்கு வெளிச்சம் வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு நான் மூடன் இல்லை. தெருவுக்குப் போட்ட விளக்கு தெருவில் விழட்டும், மேலே போகாமல் ஒரு மூடி போடுங்கள் என்றுதான் கேட்கிறேன். லடாக்கின் ஹன்லேயில் 2022 முதல் இருண்ட வானக் காப்பகம் இயங்குகிறது. அந்தப் பகுதி மக்களே இரவு வெளிச்சத்தைக் கட்டுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். ஓசூருக்கும் பெங்களூருக்கும் மேலே இரவெல்லாம் நிற்கும் வெளிச்சப் புகையைத் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காட்டிலிருந்தே பார்க்கலாம். உங்கள் பள்ளி மைதானத்தில் இன்னும் எத்தனை நட்சத்திரங்கள் மிச்சம் இருக்கின்றன என்பதைப் பிள்ளைகளை வைத்து எண்ணிப் பாருங்கள்.

தொலைநோக்கியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டு வாங்காதீர்கள். பெட்டியின்மேல் 600 மடங்கு பெரிதாக்கும் என்று அச்சடித்திருப்பார்கள். 70 மில்லிமீட்டர் வில்லை 140 மடங்குக்கு மேல் போனால் வெறும் கலங்கலைத்தான் காட்டும், அதன் முக்காலியோ பிள்ளைகள் மூச்சு விட்டாலே ஆடும். சனியின் வளையம்கூட 2025 மார்ச்சில் விளிம்பு காட்டி நின்றதால் இப்போது மெல்லியதாகத்தான் தெரியும். 10×50 (பத்து மடங்கு பெரிதாக்கும், 50 மில்லிமீட்டர் வில்லை கொண்ட) இருகண் நோக்கிகள் இரண்டு வாங்குங்கள். சூரியன் இருக்கும் பக்கம் திருப்பக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மதில்மேல் முழங்கையை ஊன்றி, இப்போது மாலையில் உயரத்தில் மின்னும் வியாழனைப் பார்த்தால், பக்கத்தில் புள்ளிகளாக அதன் நிலவுகள் நான்கு வரை தெரியும். அவற்றில் ஒன்று, காவலூரில் 1972இல் பார்த்த அந்தக் கானிமீட்.

2026 மார்ச் 3, செவ்வாய்க்கிழமை, இன்னொரு முழுச் சந்திர கிரகணம். முழுமறைவு மாலை 5:33க்கே முடிந்துவிடும், நிலவு உதிப்பதற்கு முன்பே. ஆனால் 6:20ஐ ஒட்டி நம் பக்கத்தில் நிலவு எழும்போது அதன் ஒரு பகுதி கடிபட்டதாகவே எழும். 6:47 அளவில் அந்தக் கடி முழுக்க ஆறிவிடும். அரை மணி நேரத்துக்கும் குறைவு, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்ற நேரம், கருவி எதுவும் தேவையில்லை. கிழக்கே கரடு மறைக்காத ஒரு மேட்டை இப்போதே பார்த்து வையுங்கள். முந்தின நாள் மாலை, ஏறக்குறைய முக்கால் மணி நேரம் முன்னதாகவே நிலவு எழும். அன்றைக்கே ஒருமுறை போய் எந்த மரத்துக்குப் பக்கத்தில் எழுகிறது என்று பிள்ளைகளைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வாசற்படியைத் தாண்ட விடாத அந்தப் பாட்டியையும் கையோடு அழைத்து வாருங்கள். கிரகணத்தைப் பற்றி அவரிடம் வாதாட வேண்டாம். ஸ்கைலாப் விழுந்தபோது அவர் இளம்பெண்ணாக இருந்திருப்பார். அந்த வாரம் அவர் வீட்டில் எத்தனை கோழி அறுத்தார்கள் என்று மட்டும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.