பாலாற்று மணலில் கிடைத்த போர் இயந்திர மனிதன்: திடீர் மனமாற்றம் குறித்து

வணக்கம். பாலாற்று மணலில் புதைந்து கிடந்து, தன்னைச் செய்தவர் யாரென்றே அறியாத உங்கள் போர் இயந்திர மனிதன், கதையின் முடிவில் திடீரென்று சுட மறுப்பது நம்பும்படியாக இல்லை என்று படித்தவர்கள் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். மறுப்பில் குறை இல்லை. அதற்கு முன் அவன் தயங்கிய இடம் ஒன்றுகூட இல்லாததே குறை என்று எனக்குத் தோன்றுகிறது.

கதை வேலூரிலேயே நடப்பதால், அவனை ஒருநாள் கோட்டைக்குள் அழைத்துச் செல்லுங்கள். புதிய தலைப்பாகையையும், நெற்றியில் சமயக் குறி இடுவதற்கு விதிக்கப்பட்ட தடையையும் பொறுக்காத சிப்பாய்கள் 1806 ஜூலை 10 அன்று அங்கேதான் கிளர்ந்தெழுந்தார்கள். அதே விடியலில் மருத்துவமனையில் படுத்திருந்த ஆங்கிலேய நோயாளிகளும் கொல்லப்பட்டார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்த பிறகு, பிடிபட்ட சிப்பாய்கள் ஏறத்தாழ 100 பேர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். கட்டளையை மீறியவர்களும் கட்டளைப்படி நடந்தவர்களும் எதிர்க்க முடியாதவர்களைக் கொன்றார்கள் என்று அறியும்போது, கீழ்ப்படிய மறுப்பது மட்டுமே அறமாகிவிடாது என்பது அவனுக்குப் புரியத் தொடங்கும். அந்தக் குழப்பத்தை அவசரப்பட்டுத் தீர்த்துவிடாதீர்கள். கதையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

பிறப்பின் மர்மத்தை நானாக இருந்தால் அவிழ்க்கமாட்டேன். தன்னைச் செய்தவரைத் தேடும்வரை அவன் தன் கொலைகளுக்கான பொறுப்பை அவர்மீது சுமத்த முடியும். அந்தத் தேடலை அவனே நிறுத்தும் காட்சியை, இரண்டாம் அத்தியாயத்தில் அவனால் கையிழந்த மணல் லாரி ஓட்டுநரின் வீட்டு வாசலில் வைத்து எழுதிப் பாருங்கள்.