நாலேகால் அடி உயரத்துக்கு ஒரு மின்சைக்கிள்: கேள்வி பதில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் சைக்கிள் பழுதுபார்க்கிறேன். உயரம் குறைந்த பெரியவர்கள் கேட்டால், பல கடைகளில் குழந்தைகள் சைக்கிளைக் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

என் உயரம் 4 அடி 3 அங்குலம். தினமும் 10 லிட்டர் பால் கேனோடு சொசைட்டிக்குப் போகிறேன். கடையில் பார்த்த மின்சைக்கிளில் உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை. எதை வாங்குவது?

அக்கா, மோட்டாரைப் பிறகு பார்க்கலாம். முதலில் காலை அளந்துகொள்ளுங்கள். வழக்கமான செருப்போடு சுவரில் சாய்ந்து நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே மேலே ஏற்றிப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரை வரை உள்ள அளவுதான் உங்கள் கால் உயரம். உங்களுக்கு 58 சென்டிமீட்டர் அளவில் இருக்கும்.

குறுக்குப் பார் இல்லாத, 20 அங்குலச் சக்கரமுள்ள மடக்கு சைக்கிள் பொருந்தும். ஆனால் அதில் பெரும்பாலும் பெரியவர்களுக்கான 170 மில்லிமீட்டர் கிராங்க்தான் (பெடலைத் தாங்கும் கை) இருக்கும். அதைக் கழற்றி 140 போடச் சொல்லுங்கள். பெடல் கீழே போகும்போது 3 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும், கால் எட்டும். மேலே வரும்போது அதே 3 சென்டிமீட்டர் தாழும், முட்டி வயிற்றை நோக்கி மடங்காது. சீட்டை மட்டும் இறக்கித் தரும் கடைக்காரர் பாதி வேலைதான் செய்கிறார்.

சாதாரண சைக்கிளில் சீட்டைத் தாழ்த்தினால் மிதிப்பது கடினமாகிவிடும். மோட்டார் பாரத்தைப் பகிர்ந்துகொள்வதால், இங்கே கால் ஊன்றுவதற்காக ஓர் அங்குலம் கூடுதலாக இறக்கலாம். பால் கேனோடு நிற்கும்போது அந்த ஓர் அங்குலம்தான் உங்களைக் காக்கும்.

பேட்டரியைக் கேரியரில் வைக்காதீர்கள். பாலும் பேட்டரியும் பின்னால் சேர்ந்தால் முன்சக்கரம் தூக்கும். சைக்கிளின் சட்டத்தில் (ஃபிரேமில்) தாழ்வாகப் பொருத்தச் சொல்லுங்கள். இடமில்லை என்றால் ஹேண்டில்பாருக்கு முன்னால் ஒரு பையில்.

வீட்டில் பழைய லேடிபேர்ட் இருக்கிறது. முன்சக்கரத்தில் மோட்டார் மாட்டினால் போதுமா?

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் இரும்பா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் முன்மோட்டார் வேண்டாம். முறுக்குவிசையில் அலுமினிய ஃபோர்க்கின் நுனி உடையும், சக்கரம் கழன்றுவிடும். இரும்பானாலும் அச்சைப் பிடித்துக்கொள்ளும் டார்க் ஆர்ம் கட்டாயம். எடை குறைந்தவர் ஓட்டினால், மழையில் முன்சக்கரம் பிடிப்பில்லாமல் சுழலும். என் தேர்வு பின்மோட்டார்தான்.

இன்னொன்று: 26 அங்குலச் சக்கரத்துக்கான மோட்டாரை 20 அங்குலத்தில் மாட்டினால் வேகம் குறையும், இழுவிசை கூடும். சிறிய சக்கரக்காரருக்கு இது லாபமே. ஆனால் 40 கிலோ எடையுள்ளவரை அது வெடுக்கென்று இழுக்கும். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலரில் தொடக்க மின்னோட்டத்தைக் குறைத்து வையுங்கள். பிரேக் பிடித்ததும் மோட்டார் நிற்கும் சுவிட்சை விட்டுவிடாதீர்கள். பிரேக் லீவரிலுள்ள சிறு திருகைத் திருகி, லீவரை விரலுக்கு அருகே கொண்டுவரலாம். சிறிய கைக்கு அது அவசியம்.

வேலந்தாவளம் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் லைசென்ஸ் கேட்பார்களா?

மத்திய மோட்டார் வாகன விதிகள் இரு மாநிலத்துக்கும் ஒன்றே. மோட்டார் 250 வாட்டுக்குள், மிதிப்பதை நிறுத்தினாலோ 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டினாலோ மோட்டாரின் உதவி நிற்கும் சைக்கிள் என்றால் லைசென்ஸும் பதிவும் தேவையில்லை.

பக்கத்துச் சித்தூர் (பாலக்காடு மாவட்டம்) போய்வர 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி போதுமா?

இரண்டையும் பெருக்கினால் 360 வாட்-மணி; பேட்டரியில் அடங்கும் மின்சாரம் அவ்வளவு. மிதித்துக்கொண்டே போனால் சமதரையில் தாராளமாகப் போதும். ஆனால் ஆடிக் காற்றை மறக்காதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக அது மேற்கிலிருந்து வருகிறது, சித்தூர் போகும்போது நேராக முகத்தில் அடிக்கும். போகையில் பாதிக்கு மேல் தீர்ந்தால் பயப்பட வேண்டாம், திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் வந்ததும் சார்ஜ் போடாதீர்கள்; பேட்டரி ஆறட்டும்.

பத்து வயது மகனுக்கு மோட்டார் வைக்கலாமா?

வேண்டாம். மிதிக்கட்டும்.

என் உயரம் 3 அடி 8 அங்குலம். கையும் குட்டை. எனக்கு வழி உண்டா?

உண்டு, அண்ணா. 16 அங்குலச் சக்கரம், குழந்தைகள் சைக்கிளின் குட்டைக் கிராங்க், உங்களை நோக்கி வளைந்த ஹேண்டில்பார். கிராங்க் நீளம் கால் உயரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கும் நான்கில் ஒரு பங்குக்கும் இடையில். குழந்தைகள் சைக்கிளின் சட்டத்தைப் பெரியவர் எடைக்குக் கட்டுவதில்லை. ஆகவே சட்டம் மட்டும் பெரியவர் மடக்கு சைக்கிளுடையதாக இருக்கட்டும். இரு சக்கரத்தில் சமநிலை சிரமம் என்றால், சீட் தாழ்ந்த மூன்று சக்கர சைக்கிளில் இதே மோட்டாரை மாட்டலாம். கால் உயரம், கை நீளம், எடை மூன்றையும் எழுதி அனுப்புங்கள். கிராங்க் அளவை நானே கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.