கான்ஃபரன்ஸ் தாவல் – கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வட கரோலினாவில் ராலே அருகே வசிக்கிறேன். மகள் பதினோராம் வகுப்பு, வாலிபால் ஆடுகிறாள். 2027இல் கல்லூரி. ஏசிசி என்ற கான்ஃபரன்ஸில், அதாவது தங்களுக்குள் போட்டி ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பில், இருக்கும் இரண்டு கல்லூரிகளின் பயிற்சியாளர்கள் பேசியிருக்கிறார்கள். ஆனால் அதிலுள்ள ஃப்ளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் எஸ்இசி என்ற வேறு கான்ஃபரன்ஸுக்குப் போய்விடும், ஏசிசி கலைந்துவிடும் என்கிறார்கள். நோட்டர் டாம் கல்லூரி பிக் டென் என்ற இன்னொரு கான்ஃபரன்ஸில் சேருமாம். எந்தக் கல்லூரி எங்கே தாவும் என்று நண்பர்கள் தினம் ஒரு புது வரைபடம் அனுப்புகிறார்கள். நூறாண்டு கண்ட பேக்-12 கான்ஃபரன்ஸ் ஒரே கோடையில் காணாமல் போனதைப் பார்த்தபின் எதை நம்புவது? எந்த கான்ஃபரன்ஸ் பாதுகாப்பானது?

கே.

அன்புள்ள கே.,

பேக்-12 ஒரே கோடையில் காணாமல் போகவில்லை. 2022 ஜூன் 30 அன்று அதன் உறுப்பினர் கல்லூரிகளான யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தபோதே அதன் கதை முடிந்தது. வெளியேறும் கட்டணம் என்று அவை ஒரு டாலர்கூடக் கட்டவில்லை. அந்த கான்ஃபரன்ஸின் டிவி ஒப்பந்தமும், கல்லூரிகள் தங்கள் ஒளிபரப்பு உரிமையை எழுதிக்கொடுத்திருந்த ‘கிராண்ட் ஆஃப் ரைட்ஸ்’ பத்திரமும் 2024 கோடையில் ஒன்றாகக் காலாவதியாகின. குத்தகை முடிந்த வீட்டைக் காலி செய்ய யார் அபராதம் கட்டுவார்கள்? மிச்சமிருந்தவர்கள் முன் ஆப்பிள் நிறுவனம் வைத்த ஒளிபரப்பு ஒப்பந்தமும் சந்தாதாரர் எண்ணிக்கையை நம்பியிருந்தது. 2023 ஆகஸ்ட் 4, ஒரே நாளில் ஐந்து கல்லூரிகள் கிளம்பின.

டெக்சஸ், ஓக்லஹோமா கல்லூரிகளை இதோடு ஒப்பிடுங்கள். 2021 ஜூலையில் எஸ்இசி அழைத்துவிட்டது. ஆனால் அவை இருந்த பிக் 12 கான்ஃபரன்ஸின் பத்திரம் 2025 வரை இருந்தது. ஒரே ஒரு வருடம் முன்னால் கிளம்ப இரண்டும் சேர்ந்து 10 கோடி டாலர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. பண பலத்தில் நாட்டின் முன்வரிசைக் கல்லூரிகளுக்கே இந்த நிலை. உங்கள் நண்பர்களின் வரைபடத்தில் இந்தத் தேதிகளில் ஒன்றாவது இருக்கிறதா?

ஏசிசிக்கு வருகிறேன். அதன் பத்திரம் 2036 வரை. முன்பெல்லாம் வெளியேறும் கட்டணம் கட்டினாலும் தீராது. அந்தக் கல்லூரி தன் மைதானத்தில் ஆடும் ஆட்டங்களின் டிவி உரிமை 2036 வரை ஏசிசியிடமே தங்கிவிடும். டிவியில் விற்க ஆட்டமில்லாத அணியை எஸ்இசி எதற்குச் சேர்க்கும்? ஃப்ளோரிடா ஸ்டேட் 2023 டிசம்பரிலும் கிளெம்சன் 2024 மார்ச்சிலும் வழக்குப் போட்டது இந்தப் பூட்டை உடைக்கத்தான். 2025 மார்ச்சில் சமரசம் வந்தது. பார்வையாளர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் பிரிக்கிறார்கள் என்று அதன் ஒரு பாதியை மட்டும்தான் எல்லோரும் பேசினார்கள். மறுபாதி முக்கியமானது. கட்டணத்தைக் கட்டினால் உரிமையும் கையோடு வந்துவிடும். அந்தக் கட்டணம் 2025-26இல் 16.5 கோடி டாலர்; ஆண்டுக்கு 1.8 கோடி குறைந்து 2030-31இல் 7.5 கோடியில் நிற்கும்.

பிக் டென்னின் 700 கோடி டாலருக்கு மேலான டிவி ஒப்பந்தம் 2030 கோடையில் முடிகிறது. பிக் 12 ஒப்பந்தம் 2031இல். ஏசிசி கட்டணம் குறைவதும் இவை முடிவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில். ஆகவே 2029 வரை வரும் வதந்திகளை நிம்மதியாகக் குப்பையில் போடலாம். அதற்குப் பிறகு வருபவற்றைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

இன்னொரு ஷரத்தும் இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. புதிய உறுப்பினர் வந்தால் அவருக்கும் டிவி நிறுவனமான ஈஎஸ்பிஎன் முழுப் பங்கு தர வேண்டும் என்று ஏசிசி ஒப்பந்தத்தில் இருந்தது. பசிபிக் கரையின் ஸ்டான்ஃபோர்டும் கால் பெர்க்லியும் அட்லாண்டிக் கரையோர கான்ஃபரன்ஸுக்கு வந்ததன் சூட்சுமம் இதுதான். இருவரும் முதல் ஏழு வருடம் 30 சதவீதப் பங்குதான் எடுத்துக்கொள்கிறார்கள். டாலஸின் எஸ்எம்யூ ஒன்பது வருடம் டிவி பணமே வேண்டாம் என்று வந்தது. ஈஎஸ்பிஎன் கொடுக்கும் மீதியைப் பழைய உறுப்பினர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். போட்டி, பாரம்பரியம், பகை எல்லாம் இதற்குப் பிறகுதான். இதைப் படிக்காமல் ‘எந்த ஊரில் டிவி அதிகம்’ என்று கணக்குப் போடுபவர்கள் பழைய காலத்திலேயே நின்றுவிட்டவர்கள்.

நோட்டர் டாமை விடுங்கள். அமெரிக்கன் ஃபுட்பாலில்தான் அது எந்த கான்ஃபரன்ஸிலும் சேராத தனியாள். உங்கள் மகளுக்கு வேண்டிய வாலிபாலில் அது ஏற்கெனவே ஏசிசி.

உங்கள் மகள் 2027இல் சேர்ந்தால் 2031இல் படிப்பை முடிப்பாள். அவள் இருக்கும் கடைசி வருடத்தில்தான் ஏசிசியின் கதவு மலிவாகத் திறக்கிறது. அதற்காக இப்போதே ஏன் ஐயா தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்? கோபமாகவே சொல்கிறேன், நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு. ஃபுட்பால் அணிக்குப் பருவத்துக்குப் பன்னிரண்டு ஆட்டம், பெரும்பாலும் சனிக்கிழமை, போக வரத் தனி விமானம். வாலிபால் அணிக்கு அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் ஆட்டம். ஸ்டான்ஃபோர்டிலிருந்து பாஸ்டன் கல்லூரிக்குப் போனால் மூன்று மணி நேர வித்தியாசம், வியாழனும் வெள்ளியும் வகுப்பு போச்சு. இந்தத் தாவலின் விலையைக் கொடுப்பது அந்தப் பெண்கள். அவர்களுக்காக யாரும் வரைபடம் போடுவதில்லை.

இரண்டு பயிற்சியாளர்களையும் அழைத்துக் கேளுங்கள். போன பருவத்தில் கலிஃபோர்னியாவுக்கு எத்தனை தடவை போனார்கள், தனி விமானமா சாதாரண டிக்கெட்டா, அந்த வாரங்களில் எத்தனை வகுப்பு தவறியது என்று. பிறகு பணம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற, ‘ஹவுஸ்’ என்ற வழக்கின் சமரசத்தின்படி, அதில் சேர்ந்த கல்லூரிகள் விளையாட்டு வீரர்களுக்கு முதல் வருடம் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகப் பங்கு தரலாம். பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகும். பழைய உதவித்தொகை வரம்பு போய், வாலிபாலுக்கு 18 பேர் என்ற அணி வரம்பு வந்திருக்கிறது. ஆனால் 18 பேருக்கும் முழு உதவித்தொகை தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எத்தனை பேருக்குத் தருகிறார்கள், உங்கள் மகள் அதில் ஒருத்தியா, நான்கு வருடமும் எழுத்தில் தருவார்களா?

கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்