டிஸ்னி டவர் அழகா இல்லையாம், கையெழுத்து போட்டதை கேன்சல் பண்ணலாமா?

கேள்வி: அண்ணா, வணக்கம். நாங்க அட்லாண்டா பக்கம் இருக்கோம், நானும் வைஃப்பும் ஐடி, ஹெச்1பி, கிரீன் கார்டு க்யூல நிக்கிறோம். பசங்க ரெண்டு பேர், பெரியவளுக்கு 8, சின்னவனுக்கு 5. போன வாரம் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டு போனப்ப பாலினேஷியன் ரிசார்ட்ல புதுசா வந்திருக்கிற ஐலண்ட் டவரைப் பார்த்து மயங்கி, டிஸ்னி வெக்கேஷன் கிளப்ல (டிஸ்னியோட டைம்ஷேர், வருஷா வருஷம் கிடைக்கிற பாயின்ட்டை வச்சு ரூம் எடுக்கறது) 150 பாயின்ட்டுக்கு அங்கயே கையெழுத்து போட்டுட்டோம். ஒரு பாயின்ட் 225 டாலர், 10 சதவீதம் கட்டியாச்சு, மிச்சத்துக்கு 10 வருஷ லோன், 11 சதவீதம் வட்டி. ரீசேல்ல, அதாவது பழைய ஓனர்கிட்டேர்ந்து வாங்கினா, அதே ரிசார்ட் பாயின்ட் 145க்கு கிடைக்குதுன்னு இப்பதான் பார்த்தேன். அது போதாதுன்னு டிஸ்னி ஃபேன்ஸ் எழுதினதெல்லாம் ராத்திரி உக்காந்து படிச்சா பாதிப் பேரு இந்த பில்டிங்கை கழுவிக் கழுவி ஊத்துறாங்க, ஏர்போர்ட் ஹோட்டல் மாதிரி இருக்காம். பின்னாடி வித்தா விலை போகுமா? அம்மா அப்பா சென்னைலேர்ந்து வந்தா எல்லாரும் ஒண்ணா தங்கலாம்னுதான் வாங்கினோம். இன்னியோட 5 நாள் ஆச்சு, என்ன பண்றது?

பதில்: தம்பி, உங்களுக்கு அன்னிக்கே தனியா பதில் போட்டுட்டேன், ஏன்னா கெடு ஓடிட்டு இருந்துச்சு. ஆனா இதே மாதிரி கையெழுத்து போட்டுட்டு வயித்துல புளியை கரைச்சுக்கிட்டு இருக்கிறவங்க நிறைய பேர் இருப்பாங்க, அதனால இங்கயும் எழுதிடறேன்.

முதல்ல கெடு. ஃப்ளோரிடா சட்டப்படி டைம்ஷேர் வாங்கினவங்களுக்கு 10 காலண்டர் நாள் டைம் இருக்கு, கையெழுத்து போட்ட நாள் அல்லது அவங்க தரவேண்டிய பேப்பர்ல கடைசி பேப்பர் உங்க கைக்கு வந்த நாள், இதுல எது லேட்டோ அதுலேர்ந்து 10. காரணமே சொல்ல வேணாம், போட்ட காசு திரும்ப வரும், "எனக்கு அந்த உரிமை வேணாம்"னு எதுலயாவது நீங்க கையெழுத்து போட்டிருந்தாலும் அது செல்லாது. ஃபோன்ல சொன்னா பத்தாது, எழுத்துல கொடுக்கணும், கான்ட்ராக்ட்ல கேன்சல் அட்ரஸ் இருக்கும், கான்ட்ராக்ட் நம்பர் போட்டு, ரெண்டு பேர் பேரும் இருந்தா ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு, போஸ்ட் ஆபீஸ்ல சர்டிஃபைடு மெயில்ல அனுப்பி அந்த ரசீதை பத்திரமா வச்சுக்கோங்க. லெட்டர் அங்க போய் சேர்ற தேதி இல்ல, போஸ்ட்மார்க் தேதிதான் கணக்கு. 10 நாள் தாண்டிட்டா அப்புறம் நீங்க ஓனர், விக்கத்தான் முடியும், திருப்பிக் கொடுக்க முடியாது.

கேன்சல் பண்ணுங்க. ஆனா பில்டிங் அழகா இல்லன்னு யாரோ சொன்னதுக்காக பண்ணாதீங்க.

அந்த சண்டை எனக்கும் தெரியும், நானும் உக்காந்து படிச்சு சிரிச்சிருக்கேன். பாலினேஷியன் 1971 அக்டோபர்ல டிஸ்னி வேர்ல்டு திறந்த அன்னிக்கே இருந்த ஹோட்டல், தென்னை மரம், தாழ்வா கூரை போட்ட லாங்ஹவுஸ், மாலை நேரத்துல டார்ச் வெளிச்சம், அதுல சின்ன வயசுல தங்கினவங்களுக்கு அது ஹோட்டல் இல்ல, பாட்டி வீடு மாதிரி. முன்னாடி லுவாவ் (ஹவாய் விருந்து) டின்னர் ஷோ நடந்த இடத்துல 2024 டிசம்பர்ல கண்ணாடியும் கான்கிரீட்டுமா ஒரு பெரிய டவர் எழும்பி நின்னா அவங்களுக்கு எரியத்தான் செய்யும். ஏரியில போற படகுலேர்ந்து நான் பார்த்தேன், உண்மையைச் சொன்னா வெளியிலேர்ந்து எனக்கும் பிடிக்கல, ஒரு பக்கம் ஓலைக் கூரை மாதிரி வீடுங்க, பக்கத்துல இது மட்டும் ஏதோ மருத்துவமனை புது பிளாக் மாதிரி நிக்குது. ஆனா உள்ள தங்கினவங்கள்ல நிறைய பேர் வேற கதை சொல்றாங்க, ரூம் நல்லா இருக்கு, ஏரிக்கு அந்தப் பக்கம் மேஜிக் கிங்டம் வாணவேடிக்கை பால்கனிலேர்ந்தே தெரியுது, நீ டவருக்குள்ள இருந்தா டவர் உன் கண்ணுல படாதேன்னு ஒருத்தர் கிண்டலா சொல்லியிருந்தார், அதுவும் நியாயம்தான். 2015ல இதே ரிசார்ட்ல தண்ணி மேல பங்களா கட்டினப்பவும் பீச்லேர்ந்து தெரிஞ்ச வ்யூவை மறைச்சுட்டாங்கன்னு பெரிய கூச்சல், அந்த பங்களா இன்னிக்கும் அங்கதான் இருக்கு, அதுல தங்கறதுக்கு வேண்டிய பாயின்ட்டும் எக்கச்சக்கம்.

ரீசேல் விலையை பில்டிங் மூஞ்சி ரொம்ப பாதிக்காதுங்கிறதுதான் என் அபிப்ராயம். கான்ட்ராக்ட்ல இன்னும் எத்தனை வருஷம் பாக்கி, வருஷ டியூஸ் (பராமரிப்புக் கட்டணம்) எவ்வளவு, ரீசேல்ல வாங்கினவன் அந்தப் பாயின்ட்டை எங்கெங்க யூஸ் பண்ணலாம், இதுதான் விலையைத் தூக்கும் இறக்கும். உதாரணத்துக்கு 2019ல வந்த ரிவியெரா. பார்க்க அழகுன்னு பேர் வாங்கின ரிசார்ட், ஆனா அதை ரீசேல்ல வாங்கினா ரிவியெராவுல மட்டும்தான் தங்கலாம், வேற டிஸ்னி கிளப் ரிசார்ட் எதுலயும் முடியாது. அழகு இருந்தும் கை கட்டிப்போட்ட சொத்து.

பாலினேஷியன் கதை உல்டா, நீங்க அவசரத்துல கவனிக்காத விஷயம் இதுதான். டவரை தனி அசோசியேஷனா (ஓனர்ங்க சங்கம்) ஆக்காம 2015லேர்ந்து இருக்கிற பழைய பாலினேஷியன் அசோசியேஷன்லயே சேர்த்துட்டாங்க, எல்லாத்துக்கும் 2066 ஜனவரி 31 வரைக்கும் ஒரே கெடு. அதனால பழைய பாலினேஷியன் கான்ட்ராக்ட்டை ரீசேல்ல வாங்கினவனும் 11 மாசம் முன்னாடியே டவர் ரூமை புக் பண்ணலாம், பழைய 14 ரிசார்ட்லயும் 7 மாசம் முன்னாடி ட்ரை பண்ணலாம், ரிவியெரா மாதிரி புது ரிசார்ட்டுங்கதான் கிடையாது. நீங்க 33,750 டாலர் கொடுத்து வாங்கற அதே படுக்கை, அதே பால்கனி, நீங்க பார்த்த விலைப்படி 21,750க்கு கிடைக்குது, மேல கொஞ்சம் க்ளோசிங் செலவு. டைரக்டா வாங்கினா ஆன்யுவல் பாஸ் தள்ளுபடி, மெம்பர்ஸ்க்கு மட்டும் ராத்திரி பார்க் திறக்கிறது, இந்த மாதிரி சலுகை உண்டு, இல்லன்னு சொல்லல. அதுக்கு 12,000 டாலர் தகுமான்னு உங்க வைஃப்கிட்ட கேளுங்க. ஆனா ஒண்ணு, ரீசேல்ல அதே விலைக்கு டிஸ்னி தானே வாங்கிக்கிற உரிமை வச்சிருக்கு, அதனால பேசி முடிச்ச டீல் கடைசில கைநழுவிப் போகவும் வாய்ப்பு உண்டு, பொறுமை வேணும்.

இப்ப லோன். 30,375 டாலருக்கு 11 சதவீதம், 10 வருஷம்னா மாசம் 418 டாலர். பத்து வருஷத்துல வட்டி மட்டும் கிட்டத்தட்ட 19,800. லீவுக்குப் போற இடத்துக்கு 11 சதவீத வட்டி கட்டறவனை ஊர்ல என்ன சொல்லுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். வருஷ டியூஸ் தனி. நீங்க அனுப்பின பேப்பர்ல பாயின்ட்டுக்கு 8.50னு போட்டிருக்கு, அப்ப முதல் வருஷம் 1,275 டாலர். டியூஸ் வருஷா வருஷம் ஏறும், 4 சதவீதம் ஏறுதுன்னு வச்சு நான் கணக்கு போட்டேன், 40வது வருஷம் நீங்க கட்டறது 5,886 டாலர், 40 வருஷத்துக்கும் கூட்டினா 1,21,000 டாலரைத் தொடுது. யானையை வாங்கறது ஒரு செலவு, தினமும் கரும்பு போடறது இன்னொரு செலவு, அங்க மாடல் ரூம்ல உக்காந்திருக்கும்போது நம்ம கண்ணுக்கு யானை மட்டும்தான் தெரியும்.

நான் இதை மேல நின்னு சொல்லல. பல வருஷம் முன்னாடி ஆர்லாண்டோலயே வேற ஒரு டைம்ஷேர் கம்பெனில ஓசி பிரேக்ஃபாஸ்ட், 100 டாலர் கிஃப்ட் கார்டுன்னு கூப்பிட்டாங்கன்னு போய், 90 நிமிஷம்னு சொன்னது மூணரை மணி நேரமாகி, பசியில பொண்ணு அழ, ஒவ்வொரு தடவையும் வேற ஒரு மேனேஜர் வந்து புது பேப்பர்ல புது விலை எழுதி, கடைசில நானும் பேனாவைக் கையில எடுத்துட்டேன். என் வைஃப்தான் டேபிளுக்கு அடியில கால்ல ஒரு உதை விட்டாங்க. ஊரெல்லாம் பணத்துக்கு புத்தி சொல்றவன் நிலைமையே இதுதான்.

வட்டியைவிட எனக்கு பயம் உங்க விசா. கிரீன் கார்டு எப்ப வரும்னு உங்களுக்கே தெரியாது, ஒரு லே-ஆஃப் வந்தா 60 நாள்ல வேற வேலை தேடணும் இல்ல கிளம்பணும். பெங்களூர்லயோ சென்னைலயோ உக்காந்துக்கிட்டு ஆர்லாண்டோ ஹோட்டலுக்கு டாலர்ல மாசம் 418 லோனும் நூத்திச் சொச்சம் டியூஸும் அனுப்பறதை நினைச்சுப் பாருங்க. ரொக்கமா ரீசேல்ல வாங்கியிருந்தா அப்ப வித்துட்டு கொஞ்சம் நஷ்டத்தோட போயிடலாம். டைரக்டா 225க்கு லோன்ல வாங்கினது அன்னிக்கே மார்க்கெட்ல 145, கடன் மட்டும் பாயின்ட்டுக்கு 202 ரேட்ல நிக்குது, வித்தாலும் கைக்காசு போட்டுத்தான் லோனை மூடணும்.

அம்மா அப்பா விஷயம். பழைய பாலினேஷியன் கிளப் பக்கம் ஸ்டுடியோ இல்லன்னா அந்த பங்களா, நடுவுல ஒண்ணுமே கிடையாது. டவர் வந்தப்புறம்தான் ஒன் பெட்ரூமும் சாதா டூ பெட்ரூமும் வந்துச்சு, ஃபேன்ஸ்ல இதை வரவேற்கிறவங்க நிறைய, நானும் அந்தக் கட்சி. ஆனா உங்ககிட்ட இருக்கப்போறது 150 பாயின்ட். அதுல சீசன் பார்த்துப் போனா ஸ்டுடியோ ஒரு வாரம் தேறும். ஆறு பேருக்கு டூ பெட்ரூம்னா ஒரு வாரம் கிடைக்கவே கிடைக்காது, கிறிஸ்மஸ் லீவுல மூணு நைட் தேத்தறதே கஷ்டம். டவர்ல டூவோ ஸ்டுடியோன்னு ஒண்ணு இருக்கு, பாயின்ட் கம்மியேன்னு அதுல ஏமாந்துடாதீங்க, ரெண்டே ரெண்டு பேர்தான். அடுத்த வருஷ பாயின்ட்டை கடன் வாங்கி சேர்த்துக்கலாம், அப்ப அடுத்த வருஷம் வீட்லதான் இருக்கணும். பெத்தவங்களோட தங்கறதுதான் நோக்கம்னா நீங்க வாங்கின அளவே தப்பு.

நியாயமா இன்னொரு பக்கமும் சொல்லணும். வருஷம் தவறாம 40 வருஷம் போற குடும்பத்துக்கு, ரீசேல்ல ரொக்கமா வாங்கினா இது மோசமான டீல் இல்ல, 21,750ஐ 40ஆல வகுத்தா வருஷத்துக்கு 544, இன்னிக்கு டியூஸோட சேர்த்து 1,819. அதே 150 பாயின்ட்டை யாராவது ஓனர்கிட்ட வாடகைக்கு எடுத்தா, பாயின்ட் 20 டாலர்னு வச்சா 3,000. ஆனா சின்னவனுக்கு 15 வயசானப்புறமும் மிக்கி மவுஸ் பார்க்க வருவானான்னு யோசிங்க. டைரக்டா போடற அந்த 33,750ஐ அவன் பேர்ல 529ல (காலேஜ் சேமிப்புக் கணக்கு) போட்டு 6 சதவீதம் வளர்ந்தா அவன் காலேஜ் போறப்ப 72,000 பக்கம் இருக்கும்.

அதனால இப்போதைக்கு வாடகை. டவர் ரூமுக்கு 11 மாசம் முன்னாடியே, பாலினேஷியன் பாயின்ட் வச்சிருக்கிற ஓனர்கிட்ட புக் பண்ண வைங்க, வேற ரிசார்ட் ஓனரா இருந்தா 7 மாசத்துலதான் அவரால தொட முடியும், அதுக்குள்ள நல்ல ரூமெல்லாம் போயிடும். புக்கிங் அவர் பேர்ல நடக்கும், பெரும்பாலும் காசு திரும்ப வராது, அதனால அம்மா அப்பாவுக்கு விசா ஸ்டாம்பிங் முடிஞ்சு டிக்கெட் போட்டப்புறம் காசைக் கட்டுங்க. டூ பெட்ரூம், நாலு நைட், செப்டம்பர். வெயில் கொளுத்தும், மழையும் வரும், ஆனா பாயின்ட் கம்மி, கூட்டமும் கம்மி. தங்கிப் பார்த்துட்டு அப்பாவுக்கு முட்டி வலிக்காம மோனோரெயில் வரைக்கும் நடக்க முடிஞ்சுதான்னு எனக்கு எழுதுங்க, ஏன்னா டவர் பக்கத்து ரிசார்ட்டான கிராண்ட் ஃப்ளோரிடியன் பக்கமா ஓரத்துல இருக்கு, ஸ்டேஷன் இருக்கிற மெயின் பில்டிங்குக்கு கொஞ்சம் நடைதான்.