“இந்த முறையும் பாதியில் ஓடிவிடுவீங்களோ?”

கேள்வி: 2020 மாசியில் மகளின் முதல் பிள்ளைப்பேற்றுக்காக ரொறன்ரோ போனேன். ஆறு மாதம் நிற்பதாகத்தான் ஏற்பாடு. கொரோனாச் செய்தி வரவர எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, மார்ச் 13 பிளேன் ஏறி 15ஆம் திகதி வீட்டுக்கு வந்துவிட்டேன். பேரன் சித்திரையில் பிறந்தான். இப்போது அடுத்த பிள்ளைக்கு வரச் சொல்கிறாள், கூடவே “இந்த முறையும் பாதியில் ஓடிவிடுவீங்களோ” என்றும் கேட்கிறாள். நான் செய்தது பிழையா?
– ஒரு அம்மா, பரந்தன்

பதில்: பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை அம்மா. ஆனால் மகளின் கோபமும் சும்மா வந்ததில்லை. தலைப்பிள்ளைப்பேறு, சரக்கு அரைத்து ஒரு கறி வைத்துக் கொடுக்கக்கூட வீட்டில் ஆளில்லை, ஊரெல்லாம் கதவைப் பூட்டிக்கொண்டிருந்த நேரம் வேறு.

திகதிகளைப் பாருங்கள். மார்ச் 11 உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்றது, நீங்கள் வந்து நாலாம் நாள் கட்டுநாயக்கா விமான நிலையம் வருகிற ஆட்களுக்குப் பூட்டு, அடுத்த நாள் ஊரடங்கு. வெளிநாட்டவருக்குப் பொதுவாகத் திறந்தது 2021 ஜனவரி 21 தான். இடையில் வந்தவர்கள் விசேட விமானத்துக்குப் பேர் கொடுத்துவிட்டுக் காத்திருந்து, வந்திறங்கியும் நேரே வீட்டுக்குப் போகாமல் தனிமைப்படுத்தல் முகாமுக்குப் போனார்கள்.

ஆனால் உங்களை ஏற்றி அனுப்பியது கிருமிப் பயம் மட்டும்தான் என்று நான் நம்பவில்லை. 2006 ஆவணி 11 சண்டை தொடங்கி, வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவிலிருந்த முகமாலைச் சோதனைச்சாவடி பூட்டியபோது யாழ்ப்பாணத்தில் கலியாண வீட்டுக்கென்று ஒரு மாற்று உடுப்போடு போன வன்னி ஆட்கள் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தார்களே, “பாதை பூட்டப்போகுது” என்ற சொல் காதில் விழுந்தால் நமக்குக் கால் தானாக வீட்டுப் பக்கம் திரும்பும். ரொறன்ரோவில் வேலை, பிள்ளை என்று ஓடுகிற மகளுக்கு இது தெரியாது, நீங்களும் சொல்லியிருக்கமாட்டீர்கள். “ஐயா தனிய, அறுவடை நேரம்” என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பீர்கள். உண்மையைச் சொல்லுங்கள், அழுதாலும் பரவாயில்லை.

சரி, இந்த முறைக்கு. திகதி மாற்றக்கூடிய ரிக்கற்றாக எடுங்கள், கொஞ்சம் கூடத்தான் வரும். பெற்றோர் பிள்ளைகளிடம் போய் நீண்ட காலம் நிற்கக் கனடா கொடுக்கிற சூப்பர் விசா என்றால் குறைந்தது ஒரு வருடத்துக்கு 100,000 கனேடிய டொலர் மருத்துவக் காப்புறுதி கட்டாயம். அந்தப் படிவத்தில் சீனி, பிரஷர் எதையும் மறைக்காதீர்கள், பிறகு ஆஸ்பத்திரி பில் வரும்போது அதைச் சாட்டித்தான் கைவிரிப்பார்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் விதைக்கிற பங்குக் காணிக் கதையை ஐயாவிடம் விட்டுவிடுங்கள், அவர் கமக்காரர் கூட்டத்துக்குப் போய்க் கத்திக்கொள்வார்.

கேள்வி: உலக சுகாதார நிறுவனம் ஒரு நோய்க்கு உலக அவசரநிலை என்று அறிவித்தால் உடனே திரும்பிவிட வேண்டுமா?
– மல்லாவி வாசகர்

பதில்: இல்லை. போலியோவுக்கு 2014இல் அறிவித்த அவசரநிலை பத்து வருடம் தாண்டியும் நீடித்தது, யார் பெட்டி கட்டினார்கள்? 2024 ஆவணியில் குரங்கம்மைக்கும் அறிவித்தார்கள். அறிவிப்பைவிட, நீங்கள் நிற்கிற நாடும் நம்முடைய நாடும் விமானத்தை நிறுத்துகிறதா என்று பாருங்கள். கொரோனாவுக்கு 2020 ஜனவரி 30 அறிவிப்பு, கட்டுநாயக்கா பூட்டியது மார்ச் 19. நடுவில் ஏழு கிழமை இருந்தது.